உள்ளே வெண்ணெய் பிஸ்கட், வெளியே வண்ண அடுக்கு: பண்டிகைக்குச் சுருள் பேஸ்ட்ரி

கர்நாடகத்துக் கல்யாணப் பந்தியில் பொடித்த சர்க்கரை தூவி, பாதாம் பால் ஊற்றிப் பரிமாறும் சிரோட்டியைச் சாப்பிடாத பெங்களூருத் தமிழர் குறைவு. நம் வீட்டுப் பதிர்பேணிக்கு அது நெருங்கிய சொந்தம். மெல்லிய மாவின் மேல் அரிசி மாவும் நெய்யும் குழைத்துத் தடவி, சுருட்டி, வெட்டி, தேய்த்துப் பொரித்தால் இதழ் இதழாக விரியும். இங்கே சொல்லும் பேஸ்ட்ரியும் அதே கைவேலைதான். எண்ணெய்ச் சட்டிக்குப் பதில் ஓடிஜி என்கிற சின்ன மின்சார அடுப்பு. நெய்க் குழைவில் நிறம். நடுவில் முழுசாக ஒரு வெண்ணெய் பிஸ்கட். தைவானில் நிலாப் பண்டிகைக்குச் சேப்பங்கிழங்குப் பூரணம் வைத்து இதே சுருள் முறையில் செய்கிறார்கள். முட்டை எதுவும் வேண்டாம் என்பதால் கொலு தாம்பூலத்துக்கும் கொடுக்கலாம், கிறிஸ்துமஸ் தட்டிலும் வைக்கலாம்.

அடுக்கு வருமா என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது கை பழகினால் வந்துவிடும். உண்மையில் கெடுப்பது ஈரம். சுட்ட பிஸ்கட்டில் ஈரம் மிகக் குறைவு; சுற்றியுள்ள மாவில் தண்ணீர் இருக்கிறது. அடுப்புச் சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது பாதி வெளியே போகும், மீதி உள்ளே இருக்கும் பிஸ்கட்டுக்குள் இறங்கும். மறுநாள் வெட்டிப் பார்த்தால் மொறுமொறுவென்று இருக்க வேண்டிய பிஸ்கட் ஊறின ரஸ்க் மாதிரி இருக்கும். பெங்களூரு பேக்கரிகளில் விற்கும் தில்பசந்தை அதனால்தான் வாங்கிய அன்றே சாப்பிட்டுவிடுகிறோம்; உள்ளே தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் ஈரத்தோடு இருப்பதால் மேல்தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும். பிஸ்கட்டைச் சுற்றி ஒரு துளி தண்ணீர்கூடச் சேராத முந்திரிப் பூரணத்தைப் போர்த்திவிட்டால் அந்த நெய்ப்பசையே தடுப்புச் சுவராக நிற்கும். கீழே வரும் அளவுகள் எல்லாம் இதை மனதில் வைத்துப் போட்டவை.

12 பேஸ்ட்ரிக்கு அளவு

பிஸ்கட்டுக்கு: மைதா 75 கிராம், உறைந்த நெய் (அல்லது வெண்ணெய்) 45 கிராம், ஐசிங் சுகர் 30 கிராம், ஏலக்காய்த்தூள் கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

முந்திரிப் பூரணத்துக்கு: முந்திரி 100 கிராம், ஐசிங் சுகர் 50 கிராம், பால் பவுடர் 20 கிராம், நெய் 30 கிராம்.

தண்ணி மாவுக்கு (வெளியே மூடும் மாவு): மைதா 150 கிராம், நெய் 50 கிராம், ஐசிங் சுகர் 20 கிராம், குளிர்ந்த தண்ணீர் 65 முதல் 70 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை.

நெய் மாவுக்கு (அதற்குள் வைக்கும் மாவு): மைதா 90 கிராம், நைஸ் அரிசி மாவு 30 கிராம், நெய் 60 கிராம், நிறப் பொடிகள்.

கப் கணக்கு வேண்டாம். மைதாவை அழுத்தி அளந்தால் ஒரு அளவு, தளர அளந்தால் வேறு அளவு. இந்தப் பண்டத்தில் 10 கிராம் மாறினாலும் இரண்டு மாவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஒரு கிராம் காட்டும் சமையல் தராசு போதும், விலையும் அதிகமில்லை.

நெய்க்குப் பதில் வெண்ணெய் போடலாமா என்று கேட்பார்கள். பிஸ்கட்டில் போடலாம். நெய் மாவில் கூடாது. கடை வெண்ணெயில் 16 சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீர் மைதாவோடு சேர்ந்தால் பசைத்தன்மை உண்டாகி, பிரிந்து நிற்க வேண்டிய அடுக்கு தண்ணி மாவோடு ஒட்டிக்கொள்ளும். நெய்யில் தண்ணீர் இல்லை என்றே சொல்லலாம். நந்தினி நெய் மாதிரி மணல் மணலாக உறையும் நெய் இதற்கு அருமையாக அமையும். நெய் மாவில் கால் பங்கு அரிசி மாவு சேர்ப்பது சிரோட்டியிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்: அரிசி மாவில் பசைத்தன்மை கிடையாது, அடுக்கு பிரிந்து நிற்கும், மொறுமொறுப்பும் கூடும். ஆனால் மாவு இடியாப்ப மாவு போல நைசாக இருக்க வேண்டும். கொரகொரப்பாக இருந்தால் பல்லில் மணலாய்ப் படும்; தேய்க்கும்போது மெல்லிய மாவையும் கிழிக்கும்.

முதல் நாள் வேலை

பிஸ்கட்டையும் பூரணத்தையும் முந்தின நாளே முடித்துவிடுங்கள். சூடான பிஸ்கட்டை மூடி வைத்தால் அதன் ஆவியே அதை நமுக்கச் செய்துவிடும். முழுக்க ஆற நேரம் வேண்டும்.

நெய்யையும் ஐசிங் சுகரையும் வெளுத்து மெத்தென்று வரும்வரை விரலால் தேய்த்து, மைதா, உப்பு, ஏலக்காய் சேர்த்துத் திரட்டுங்கள். சோடாவோ பேக்கிங் பவுடரோ போட வேண்டாம். நான்கட்டாய் வெடித்து விரிந்தால் அழகு. இங்கே விரிந்தால் பூரணத்துக்குள் அடங்காது. தலா 12 கிராம் எடுத்து, மூன்றரை செ.மீ. அகலம், ஒரு செ.மீ. உயரத்தில் சின்ன வில்லையாகத் தட்டுங்கள். ஓரங்களை விரலால் மழுக்கி விடுங்கள். கூரான ஓரம் பிறகு பூரணத்தைக் குத்திக்கொண்டு வெளியே வரும். 150 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். அடிப்பக்கம் லேசாகப் பொன்னிறம் தட்டியதும் எடுத்துவிட வேண்டும், மேற்பக்கம் வெளுப்பாகவே இருக்கட்டும். பேஸ்ட்ரிக்குள் இன்னும் அரை மணி நேரச் சூடு அதற்குக் காத்திருக்கிறது.

கடையில் வாங்கிய பிஸ்கட் வைக்கலாம், ஆனால் தேர்ந்து வாங்குங்கள். ஐயங்கார் பேக்கரி பெண்ணே பிஸ்கட் (கன்னடத்தில் பெண்ணே என்றால் வெண்ணெய்) சுவையில் பொருந்தும். அளவு பெரிதாக இருந்தால் கத்தியால் ஓரம் செதுக்கி மூன்றரை செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். க்ரீம் வைத்த பிஸ்கட் வேண்டாம், க்ரீம் உருகி அடுக்குக்குள் ஓடிவிடும். ஜாம் வைத்ததும் அப்படித்தான்.

முந்திரியை ஐசிங் சுகரோடு சேர்த்தே மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள். தனியாக நிறுத்தாமல் ஓட்டினால் எண்ணெய் கக்கி வெண்ணெயாகிவிடும். சர்க்கரை கூட இருந்தால் அது கொஞ்சம் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பால் பவுடரும் நெய்யும் சேர்த்துப் பிசைந்தால் ரவா லட்டு பிடிக்கும் பதம் வர வேண்டும். உதிர்ந்தால் அரை டீஸ்பூன் நெய் விடுங்கள். கை தானாகப் பாலை எடுக்கப் பார்க்கும். அந்த ஒரு ஸ்பூன் பால்தான் மறுநாள் பிஸ்கட்டை நமுக்கும். 16 கிராம் எடுத்து உள்ளங்கையில் தட்டி, நடுவில் பிஸ்கட்டை வைத்து, இடைவெளி இல்லாமல் மூடி உருட்டுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து, பேஸ்ட்ரி சுற்றுவதற்கு 20 நிமிடம் முன்னால் வெளியே எடுங்கள். டப்பாவைத் திறக்காமலே குளிர் இறங்க விட வேண்டும். உடனே திறந்தால் உருண்டை மேல் வியர்க்கும்.

நிறம்

அடுப்புக்குள் போகும் நிறமும் வெளியே வரும் நிறமும் ஒன்றல்ல. ஒவ்வொரு பொடியும் சூட்டுக்கு ஒரு விதமாக நடந்துகொள்ளும், அதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. கீழே சொல்லும் அளவு 60 கிராம் நெய் மாவுக்கு, அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு.

மஞ்சள்தூள் எல்லாவற்றிலும் நம்பகமானது. எட்டில் ஒரு பங்கு டீஸ்பூன், இரண்டு நல்ல சிட்டிகை, போதும். அதற்கு மேல் போனால் சாம்பார் வாசம் வரும். சூட்டைத் தாங்கும், நெய்யில் நன்றாகக் கலக்கும். வெளிச்சம்தான் அதற்கு எதிரி: கண்ணாடி ஜாடியில் சன்னலோரம் வைத்தால் நாளாக ஆக வெளுக்கும். சோடா, சுண்ணாம்பு மாதிரி காரப்பொருள் பட்டால் சிவக்கும் குணமும் அதற்கு உண்டு, நம் ஆரத்திக் கரைசலில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பது போல. மாவில் சோடா எங்கேயாவது சேர்ந்திருந்தால் மஞ்சள் அடுக்கு செங்கல் நிறத்துக்குப் போய்விடும்.

பீட்ரூட் பொடி சுடாத மாவில் மயக்கும், அடுப்பில் கைவிடும். அதன் சிவப்பு சூட்டுக்கு நிற்காது. ஈரத்தோடு சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாகப் பழுப்பேறும். அதனால் அதைத் தண்ணி மாவில் போடாமல் நெய் மாவில் மட்டும், ஒன்றரை டீஸ்பூன். அப்படியும் வெளியே வருவது மங்கின ரோஜா நிறம்தான். நல்ல ஊதா கலந்த இளஞ்சிவப்பு வேண்டும் என்றால் ஊதாச் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பொடி 2 டீஸ்பூன். விலை கூடுதல், ஆனால் சூட்டில் நிறம் நன்றாகவே நிற்கிறது.

கீரைப் பொடியின் பச்சை சூட்டில் காக்கியாக மாறும். காய்கறிப் பொரியலை மூடி வேகவைத்தால் பச்சை மங்குவது எதனாலோ அதே காரணம்தான்: பச்சையத்தில் இருக்கும் மக்னீசியம் சூட்டிலும் புளிப்பிலும் கழன்றுவிடுகிறது. மாட்சா என்கிற ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடி ஒரு டீஸ்பூன் போட்டால் ஓரளவு தாங்கும், லேசான கசப்பும் இனிப்புக்கு இடையே நன்றாக இருக்கும்.

சங்குப்பூ நீலம் தனி அழகு. பெங்களூரில் காம்பவுண்ட் சுவர் மேலெல்லாம் படர்ந்திருக்கும் பூ. ஆனால் அதன் நிறம் தண்ணீரில் கரைவது. நெய்யில் போட்டால் சாம்பல் புள்ளியாக நிற்கும். ஆகவே இதற்கு மட்டும் முறையை மாற்றுங்கள். மருந்து தெளிக்காத செடியின் 15 பூவைக் காம்பு கிள்ளி, 80 மில்லி வெந்நீரில் ஊறவிட்டு, வடிகட்டி, நன்றாகக் குளிரவைத்து அந்த நீரில் தண்ணி மாவைப் பிசையுங்கள். நெய் மாவை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். நீலமும் வெள்ளையுமாகச் சுருள் வரும். நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நீலம் ஊதாவாகும். செப்டம்பர் 8 அன்று சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா சமயத்தில் செய்வதென்றால் நீலம், வெள்ளை, மஞ்சள் மூன்றும் சேர்த்து வைக்கலாம், தட்டில் கண்ணைப் பறிக்கும்.

எந்தப் பொடி சேர்த்தாலும் அதன் எடைக்குச் சமமாக மைதாவைக் குறைத்துக்கொள்ளுங்கள். 5 கிராம் பொடியைச் சும்மா கூடுதலாகப் போட்டால் அந்த நிறத்து மாவு மட்டும் இறுகும். தேய்க்கும்போது அது உடைந்து தண்ணி மாவைக் கிழிக்கும்.

செயற்கை நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது. அடுத்த மாதமே கர்நாடக அரசு பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயத்தையும், கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறங்களையும் தடை செய்தது. ரோடமின்-பி துணிக்குப் போடும் சாயம், உணவுக்கு உரியதே அல்ல. சின்னக் காகிதப் பொட்டலத்தில் பெயர் இல்லாமல் விற்கும் ரோஸ் பொடியை வாங்கவே வாங்காதீர்கள். உணவுக்கு என்று அச்சிட்டு, நிறத்தின் பெயரும் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் போட்டிருப்பதை மட்டும் எடுங்கள். அனுமதி உள்ள செயற்கை நிறங்களுக்கும் பேக்கரிப் பண்டங்களில் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. நம் 12 பேஸ்ட்ரியும் சேர்ந்து 800 கிராம் எடை வரும். அப்படியானால் மொத்தத்துக்கும் 80 மில்லிகிராம், ஒரு சிட்டிகையில் சின்னப் பகுதி. குழந்தைகள் சாப்பிடும் பண்டம், இதில் தாராளம் வேண்டாம். நெய் மாவுக்கு எண்ணெயில் கலக்கும் நிறம் அல்லது பொடி வாங்குங்கள். தண்ணீரில் கரைந்த ஜெல் நிறம் நெய்யில் சேராமல் திட்டுத் திட்டாக நிற்கும்.

இரண்டு மாவு, ஒரே பதம்

தண்ணி மாவு: மைதாவில் நெய்யைத் தேய்த்துப் புட்டு மாவு போல் ஆக்கி, சர்க்கரை, உப்பு சேர்த்து, 65 மில்லி தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். தேவைப்பட்டால் மட்டும் மீதி. சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, போளி மாவு அளவுக்கு இழுபட வேண்டும். 8 முதல் 10 நிமிடம் விடாமல் பிசைய வேண்டும். சிறு துண்டை இரண்டு கையாலும் இழுத்தால் கிழியாமல் கண்ணாடிப் பேப்பர் மாதிரி விரிந்தால் சரி. மூடி 30 நிமிடம் ஓய்வு.

நெய் மாவு: மைதா, அரிசி மாவு, நெய் மூன்றையும் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி அழுத்தித் திரட்டுங்கள். தண்ணீர் கிடையாது. மூன்று பங்காக்கி நிறம் கலந்துகொள்ளுங்கள்.

இப்போது இரண்டையும் இரண்டு கட்டைவிரலால் ஒரே நேரத்தில் அழுத்திப் பாருங்கள். ஒரே மாதிரி குழிய வேண்டும். இந்தப் பண்டத்தின் பாதி வெற்றி இந்த ஒரு சோதனையில் இருக்கிறது. நெய் மாவு கெட்டியாக இருந்தால் தேய்க்கும்போது தட்டுத் தட்டாக உடைந்து மேல் மாவைக் குத்தும். தளர்வாக இருந்தால் ஓரத்தில் பிதுங்கும், அடுக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.

நெய்யின் பதத்தைத் தீர்மானிப்பது பண்டிகை வரும் மாதம்தான். நவராத்திரி, தீபாவளிக்குப் பெங்களூரு வீட்டுக்குள் 22 முதல் 26 டிகிரி இருக்கும். நெய் ஸ்பூனால் அள்ளுகிற பதத்தில் நிற்கும், எந்தச் சிரமமும் இல்லை. கிறிஸ்துமஸ் சமயத்து விடிகாலையில் நெய் கல்லாக இறுகும். நெய் மாவைக் கையில் வைத்து ஒரு நிமிடம் பிசைந்து இளக்கிக்கொள்ளுங்கள், அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஏப்ரல் 14 வருடப் பிறப்புக்குச் செய்கிறீர்களா? வெளியே 33, 34 டிகிரி, நெய் உருகியே இருக்கும். காலை ஏழு மணிக்குள் சுருட்டி முடியுங்கள். ஒவ்வொரு ஓய்வையும் ஃப்ரிட்ஜில் கொடுங்கள்.

சுருட்டுவது

தண்ணி மாவை 6 பங்காக்குங்கள், ஒன்று 48 கிராம் வரும். நெய் மாவையும் 6 பங்கு, தலா 30 கிராம். பூரணப் போளிக்கு மூடுவது போல நெய் மாவைத் தண்ணி மாவுக்குள் வைத்து முழுக்க மூடுங்கள். வேலை நடக்காத உருண்டைகளை எப்போதும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி வையுங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள், அந்தக் காற்றில் ஐந்து நிமிடத்தில் தோல் காய்ந்து, தேய்க்கும்போது வெடிக்கும்.

உருண்டையைக் கையால் தட்டி, நடுவிலிருந்து மேலே ஒரு தள்ளு, நடுவிலிருந்து கீழே ஒரு தள்ளு. சப்பாத்திக்கட்டை முன்னும் பின்னும் ஓடக் கூடாது. 20 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலத்துக்கு நீள்வட்டமாக வந்ததும் குறுகிய பக்கத்திலிருந்து பாய் சுருட்டுவது போலச் சுருட்டுங்கள். ஆறும் முடிந்ததும் மூடி 20 நிமிடம் ஓய்வு. இந்த ஓய்வில் தண்ணி மாவின் இழுவை தளர்கிறது. அவசரப்பட்டால் அது ரப்பர் போல் பின்னால் இழுக்கும், நாம் கை பலத்தைப் போடுவோம், உள்ளே அடுக்குக் கிழியும்.

இரண்டாம் சுற்று: சுருளை நீளவாக்கில் உங்களை நோக்கி வைத்து, மடிப்பு மேலே இருக்கும்படி தட்டி, 28 செ.மீ. நீளத்துக்கு, நாலைந்து செ.மீ. அகலப் பட்டையாகத் தேய்த்து மறுபடி சுருட்டுங்கள். இப்போது குட்டையான, தடித்த சுருள் கிடைக்கும். மூடி 15 நிமிடம்.

இரண்டு நிறம் ஒரே சுருளில் மாறி மாறி வர வேண்டுமா? இரண்டாம் சுற்றில் மஞ்சள் பட்டை மேல் ஊதாப் பட்டையை வைத்து ஒன்றாகச் சுருட்டி, இரண்டுக்குப் பதில் நாலு துண்டாக வெட்டுங்கள். எடைக்கணக்கு மாறாது.

கூரான கத்தியால் சுருளை நடுவே குறுக்காக வெட்டுங்கள். அழுத்தாமல், ஒரே இழுப்பில். வெட்டிய முகத்தில் வளையம் வளையமாகத் தெரியும். அந்த முகம் பலகையைப் பார்க்க வைத்து, மேலிருந்து உள்ளங்கையால் மெதுவாக அமுக்கி, ஓரத்தை மட்டும் தேய்த்து 10 செ.மீ. வட்டமாக்குங்கள். நடுப்பகுதி தடிப்பாகவே இருக்கட்டும். பூரண உருண்டையை நடுவில் வைத்து, ஓரங்களைக் கொழுக்கட்டைக்குச் சேர்ப்பது போல் கூட்டி, கிள்ளி மூடுங்கள். மடிப்பு அடியில், வளையத்தின் நடுப்புள்ளி உச்சியில். ஓரத்தில் நெய் மாவு பட்டிருந்தால் ஒட்டாது. விரல் நுனியால் ஒரே ஒரு பொட்டுத் தண்ணீர் தொட்டு ஒட்டுங்கள். மேலே முட்டையோ பாலோ தடவ வேண்டாம். அது பழுப்பேறி அத்தனை நிறத்தையும் மறைத்துவிடும்.

அடுப்பு

28, 30 லிட்டர் ஓடிஜி 1500 வாட் பக்கம் இழுக்கும். வீட்டுச் சின்ன பிளக் 6 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 1380 வாட்தான் தாங்கும். 16 ஆம்பியர் பிளக்கில் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். மழைக்காலத்தில் மின்சாரம் போவதையும் கணக்கில் வையுங்கள்: நடுவில் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள், பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால் சேதமில்லை.

ஓடிஜியின் குமிழ் காட்டும் டிகிரியை நம்ப முடியாது. 20 டிகிரி ஏறவோ இறங்கவோ செய்யும். உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் சர்க்கரைச் சோதனை இருக்கிறது. சர்க்கரை உருகுவது 186 டிகிரியில். அலுமினியத் தாளில் அரை ஸ்பூன் சர்க்கரை வைத்து 175 என்று குமிழைத் திருப்பி 15 நிமிடம் விடுங்கள். உருகிவிட்டால் உங்கள் அடுப்பு அதிகச் சூடு, அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். 195 வைத்தும் உருகவில்லை என்றால் குறைச்சல்.

இரண்டு கம்பியும் எரிய, 170 டிகிரியில் 15 நிமிடம் முன்சூடு. ட்ரேயில் பேக்கிங் பேப்பர் விரியுங்கள். கடையில் இட்லிக்கும் பார்சலுக்கும் விற்கும் மெல்லிய பட்டர் பேப்பர் ஆகாது, அடியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவைக்கு 8 அல்லது 9, மூன்று செ.மீ. இடைவெளி விட்டு. நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வையுங்கள். முதல் 18 நிமிடம் 170. அதற்குள் அடுக்கின் தண்ணீர் ஆவியாகி இதழ்களைத் தூக்கிவிடும். பிறகு மேலே அலுமினியத் தாளைக் கூடாரம் போலத் தளர்வாகப் போர்த்தி, 160க்கு இறக்கி இன்னும் 14 முதல் 16 நிமிடம். கன்வெக்ஷன் மைக்ரோவேவ் என்றால் காற்று சுழல்வதால் ஆரம்பத்திலிருந்தே 10 டிகிரி குறைவாக வையுங்கள். குக்கரில் உப்புப் போட்டுச் சுடும் முறை பிஸ்கட்டுக்குச் சரி, இதற்குச் சரிவராது. மூடியில் ஆவி தங்கி மேல் அடுக்கு உலரவே உலராது.

நிறத்தைப் பார்த்து வெந்ததைச் சொல்ல முடியாது, நாம்தான் பழுப்பேறாமல் காக்கிறோமே. ஒன்றைத் திருப்பி அடியைப் பாருங்கள்: பிஸ்கட் நிறம் வந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் விரலால் தட்டினால் உலர்ந்த சத்தம் வர வேண்டும். கையில் எடுத்தால் போன எடையைவிட லேசாக இருக்கும்.

எங்கே தவறும்

வளையம் தெரியாமல் ஒரே மழுங்கலாக வந்தால் நெய் மாவு தளர்ந்திருந்தது, அல்லது கட்டையை முன்னும் பின்னும் ஓட்டி அழுத்தியிருக்கிறீர்கள். உச்சி வெடித்துப் பூரணம் எட்டிப் பார்த்தால் நடுப்பகுதியை மெலிதாகத் தேய்த்ததுதான் காரணம். சில சமயம் பூரணத்துக்கும் மாவுக்கும் நடுவே காற்று அடைபட்டிருக்கும். மூடும்போது அடியிலிருந்து அமுக்கிக்கொண்டே வாருங்கள்.

ட்ரேயில் நெய் தேங்கி நின்றால் அடுப்பு போதிய அளவு காயவில்லை. மெதுவான சூட்டில் மாவு இறுகும் முன்பே நெய் உருகி வெளியே ஓடிவிடும். அதே பேஸ்ட்ரி மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே களியாகவும் இருந்தால் எடுத்த நேரம் சீக்கிரம். ஆறியதைக்கூட 150 டிகிரியில் 10 நிமிடம் திருப்பிச் சுடலாம், பெரும்பாலும் தேறிவிடும்.

பிஸ்கட் மட்டும் நமுத்திருந்தால் பூரணப் போர்வையில் எங்கோ ஓட்டை, அல்லது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் வியர்த்த உருண்டையை அப்படியே சுற்றியிருக்கிறீர்கள். இதற்கு மட்டும் பிறகு வைத்தியம் கிடையாது.

ஆறவைத்து, எடுத்துவைத்து

கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் முழுக்க ஆறட்டும். சூட்டோடு டப்பாவில் போட்டால் இவ்வளவு நேரம் விரட்டிய ஈரம் மூடியிலிருந்து சொட்டும். ஆறிய பிறகு எவர்சில்வர் டப்பாவில், அடுக்குக்கு நடுவே பேப்பர் போட்டு வைத்தால் ஐந்து நாள் நன்றாக இருக்கும். ஃப்ரிட்ஜ் வேண்டாம். மூன்றாம் நாள் இதழ் தளர்ந்ததாகத் தோன்றினால் 150 டிகிரியில் 6 நிமிடம் காட்டி ஆறவிடுங்கள்.

நிறைய பேருக்குக் கொடுக்க வேண்டிய வருடத்தில், மூடி உருட்டியதைச் சுடாமலேயே ட்ரேயில் வைத்து ஃப்ரீசரில் உறையவைத்து, பிறகு பையில் கட்டிப் போடுங்கள். இரண்டு வாரம் தாங்கும். உருக விடாமல் நேராக அடுப்பில் வைத்து, போர்த்திய பிறகு 8 முதல் 10 நிமிடம் கூடச் சுட்டால் போதும்.

தாம்பூலப் பையில் கொடுக்கும்போது குங்குமச் சிமிழ், வெற்றிலையோடு ஒட்டி வைக்காதீர்கள். வெற்றிலையின் ஈரமும் வாசமும் ஏறிவிடும். தனிக் காகித டப்பாவில் இரண்டிரண்டாக வையுங்கள். வீட்டில் வெட்டிப் பரிமாறுவதானால் பல் வைத்த ரொட்டிக் கத்தியால் வளையத்தின் நடுவே குறுக்காக, மரம் அறுப்பது போல மெதுவாக இழுத்து வெட்டினால், நிற அடுக்கு, வெள்ளைப் பூரணம், நடுவில் பொன்னிற பிஸ்கட் மூன்றும் உதிராமல் நிற்கும்.